‘ஆனால்’ இல்லாத குரல்

காலைச் சாப்பாட்டுக்குத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றபோதுதான் நிரோஷா அதைக் கேட்டாள். கன்ட்ரோல் ரூமின் கோடியில் இருந்த மேசையில் யாரோ ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தார்கள்.

“டில்லி அண்ணா, சாப்டீங்களா? இன்னியில இருந்து ஆட்டோ ஓடலாம்ணா. ஒண்ணும் பயமில்ல. நான் சொல்றேன்ல.”

“நீ சொன்னா சரிம்மா,” என்றது டில்லியின் கரகரத்த தொண்டை. “டிவில நேத்துலேர்ந்து கத்திகினேதான் கீறான். நீ சொல்லட்டும்னுதான் வண்டிய எடுக்காம இருந்தேன்.”

சாப்டீங்களா என்று கேட்டது நிரோஷாவின் குரல். ‘நான் சொல்றேன்ல’ என்று முடித்தபோது கடைசியில் லேசாக இழுத்ததும் அவள் இழுப்பதுதான். அந்த நேரத்தில் அவள் வாயைத் திறக்கவே இல்லை. தட்டில் உப்புமா விழுந்துகொண்டிருந்தது.

மூச்சுக்கட்டு நோய் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஊரடங்கு போட்ட முதல் வாரத்திலேயே, ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் படித்த ஒருத்தரைப் பொறுக்கியெடுத்து, மூடிக் கிடந்த ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் தங்கவைத்தார்கள். தினமும் தங்கள் குடியிருப்புக்குப் போன் போட்டு, காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, அரிசி வந்ததா என்று கேட்பதுதான் வேலை. தாழையேரிக் குடியிருப்புக்கு நிரோஷா. அங்கே பட்டம் வாங்கியவர்கள் இல்லாமல் இல்லை. போன் போட்டால் எடுக்கும்படி நடந்துகொண்டவள் இவள் ஒருத்திதான்.

தாழையேரிக்காரர்கள் அரசாங்கத்தை நம்பி ஏமாந்தவர்கள். ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது என்றார்கள். வந்து இறங்கினால் தூர்த்த ஏரியும் எட்டு மாடிக் கட்டடமும்தான் பக்கத்தில் இருந்தன. அதனால் இந்த நோயில் செத்தவர்களின் கணக்கை டிவி சொன்னபோது யாரும் நம்பவில்லை. நிரோஷா போனில், “டிவி சொல்றது பொய்க்கா. நம்ம பிளாக்லயே அதைவிட அதிகம். கதவைச் சாத்திக்கோ,” என்று சொன்னாள். சாத்திக்கொண்டார்கள். புழு அரிசி வந்தபோது வாங்காதே என்றாள். வாங்கவில்லை. ‘தெரியல, கேட்டுச் சொல்றேன்’ என்று சொன்னால் கேட்டுச் சொல்வாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதைக்கூட அதுவரை யாரும் அவர்களுக்குச் செய்ததில்லை.

போன வாரம் திடீரென்று, “போன் வேலையை வேற டீம் பார்த்துப்பாங்க,” என்று இவர்களை மாத்திரைப் பொட்டலம் கட்ட உட்கார்த்தினார்கள். மூன்று நாள் முன்பு ஊரடங்கு தளர்ந்தது. இன்று பஸ்ஸும் ஆட்டோவும்.

நிரோஷா தட்டோடு நேரே அந்த மேசைக்குப் போனாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள் ஷைலஜா மேடம். இந்தக் கன்ட்ரோல் ரூமின் கம்ப்யூட்டர்களெல்லாம் அவள் பொறுப்பு.

“மேடம், அது யாரு பேசினது?”

ஷைலஜா ஸ்பீக்கரை அணைத்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு விட்டுவிட்டாள். “நீங்கதான். உங்க குரல். ஆறு மாசமா நீங்க பேசின கால் எல்லாத்தையும் வெச்சுப் பழக்கினது. யாரை அண்ணாங்கறீங்க, யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடறீங்க, யார் வீட்ல யாருக்குச் சுகர், எல்லாம் அதுக்குத் தெரியும். ஒரே நேரத்துல தாழையேரி மொத்தத்துக்கும் பேசும். போன்ல உங்க பேர்தான் வரும்.”

“என்னைக் கேக்கலையே.”

“பயிற்சிக்காகப் பதிவு பண்றோம்னு முதல்லயே சொன்னோமே.”

“எனக்குப் பயிற்சின்னு நெனச்சேன் மேடம்.”

ஷைலஜா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “நிரோஷா, பெரிய தலைங்க குரல்ல அறிவிப்புப் போட்டோம். பாதியில கட் பண்ணிட்டாங்க. சினிமாக்காரங்க குரல்ல போட்டோம். கெட்ட வார்த்தை வந்தது. உங்க குரல்ல போட்டா முழுசாக் கேட்டுட்டு, சரிம்மான்னு வைக்கிறாங்க. நம்பிக்கையைப் புதுசா வளர்க்க வருஷக்கணக்கா ஆகும். எங்களுக்கு இருந்தது ஒரு வாரம். இருக்கற நம்பிக்கையைக் கடன் வாங்கினோம்.”

“கடன் வாங்கறவங்க கேட்டு வாங்குவாங்க மேடம்.”

ஷைலஜா ஸ்பீக்கரை ஓரமாகத் தள்ளிவைத்தாள். நிரோஷா விடவில்லை.

“சரி, அது இருக்கட்டும். நெஞ்சு பலவீனமானவங்க இன்னும் ஒரு மாசத்துக்கு வெளிய வரவே கூடாதுன்னு டாக்டருங்க சொன்னாங்கல்ல? அதை இது சொல்லுதா?”

“சொல்லிச்சு. எடுத்துட்டோம்.”

“ஏன்?”

“வெளிய வரலாம், ஆனால்னு ஆரம்பிச்சாலே ஜனங்க முன்னாடி சொன்னதையும் சேர்த்து நம்ப மாட்டேங்கறாங்க. நூறு வீட்ல சோதிச்சுப் பார்த்தோம். எல்லாரும் உள்ளயே இருந்துட்டாங்க. உள்ளயே இருந்தா பட்டினியில சாவாங்க. அது என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்.”

தெரியும். போனில் அழுத குரல்களில் பாதி காய்ச்சலுக்கு அழுதவை அல்ல, அடுப்புக்கு அழுதவை. கதவைத் திறந்தது தப்பில்லை என்று நிரோஷாவுக்கும் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

“எங்களுக்கு ‘ஆனா’ புரியாதுன்னு யாரு மேடம் சொன்னது? வீடு குடுத்தாங்க, ஆனா தண்ணி ஏறாது. காலேஜ் சீட்டு குடுத்தாங்க, ஆனா பஸ் இல்ல. பொறந்ததுலேர்ந்து அதைத்தான் தின்னு வளர்ந்திருக்கோம். ‘ஆனா’ இல்லாம ஒருத்தன் பேசினாத்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும். என் குரல்ங்கறதால வரல.”

“நேரா, நீ மெஷினான்னு கேட்டா ஆமான்னு சொல்லிடும். சட்டம் அப்படி.”

“யாராவது கேட்டாங்களா?”

“ஒருத்தர்தான்,” என்று ஷைலஜா திரையைப் பார்த்தாள். “ஒரே ஒருத்தர்.”

வீட்டுப் பெண் போன் போட்டு ‘சாப்டியாக்கா’ என்றால், நீ மனுஷியா என்று யார் கேட்பார்கள்? நிரோஷா அதற்கு மேல் நிற்கவில்லை. அவள் மனசு அம்மாவிடம் போய்விட்டது.

சம்பூரணம் இருபது வருஷம் மெத்தைக் கடையில் பஞ்சு அடைத்தவள். பஞ்சுத் தூசி பாதி நெஞ்சைத் தின்றது, டிபி மீதியைத் தொட்டுவிட்டுப் போனது. மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து எழுந்துதான் வருவாள். மூச்சுக்கட்டு வந்தால் ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்காது. நிரோஷா தினமும் காலையில் போன் பண்ணுவாள். “மாத்திரை போட்டியா? வெளிய போகாத. சரி, வெச்சிடு.” அம்மா ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரரின் நம்பர் காத்திருக்கும்.

இப்போது போட்டாள். பிஸி. மறுபடி போட்டாள். பிஸி.

அம்மாவிடம் போனில் பேச உலகத்தில் நிரோஷாவைத் தவிர யாருமில்லை. அப்படியானால் அம்மா இப்போது பேசிக்கொண்டிருப்பது நிரோஷாவிடம்தான்.

பொட்டலம் கட்டும் இடத்தில் தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். ஷைலஜா பின்னாலேயே வந்தாள். “இப்படிப் போனா திரும்ப வேலைக்கு எடுத்துக்க முடியாது. தெரியும்ல?”

“எங்கம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல மேடம்.”

ஷைலஜா தன் கைப்பையிலிருந்து பிரிக்காத முகக்கவசம் ஒன்றை எடுத்து நீட்டினாள். “மேல இருக்கறவங்ககிட்ட மறுபடி சொல்லிப் பார்க்கிறேன்,” என்றாள். சொல்வாள் என்றுதான் தோன்றியது. கேட்பார்கள் என்று தோன்றவில்லை.

*

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நடந்தவளைத் தண்ணி லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. தாழையேரியில் இறங்கியபோது நிரோஷாவால் கொஞ்ச நேரம் கோபப்படக்கூட முடியவில்லை.

ஆறு மாதம் கிரில் கதவுக்குப் பின்னால் இருந்த முகங்களெல்லாம் வெயிலில் நின்றன. பெண்கள் தலையணைகளைக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கில் பிறந்த குழந்தை ஒன்று தரையில் தன் நிழலைப் பார்த்து வீரிட, நாலு பேர் சுற்றி நின்று சிரித்தார்கள். ஒருத்தி நிரோஷாவைப் பார்த்து, “நீ சொன்னதாலதான் பாப்பா வெளிய வந்தோம்,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு உடம்பில் எங்கேயோ குத்தியது.

வீட்டுக்கு ஏறிப்போய், பூட்டைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். கீழே டில்லி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா எங்கண்ணா? வீடு பூட்டியிருக்கு.”

“இன்னாம்மா கேக்கற? உன்னைப் பாக்கத்தான் போச்சு. நீதான வரச்சொன்ன.”

“நான் சொல்லல.”

“காலைல பேசிகினே எறங்கி வந்துச்சேம்மா. எப்போ பாக்கலாம்னு கேட்டுச்சாம். நீ, இன்னிக்கே வாம்மா, பஸ் ஓடுதுன்னியாம். புதுப் பொடவை கட்டிகினு, பஸ் புடிச்சிப் போச்சு. நான் இட்டுகினு போய் வுடறேன்னேன். வண்டி இப்பத்தான் எடுக்கற, பிரேக் கீதோ இல்லியோன்னு சொல்லிடுச்சு.”

நிரோஷா ஏறி உட்கார்ந்தாள். “எடுங்கண்ணா. பஸ் போன வழிலயே போங்க. நான் யாரையும் வரச் சொல்லல. உங்ககிட்ட காலைல பேசினதும் நான் இல்ல. மெஷின்.”

டில்லி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “மெஷினா? என் பொண்டாட்டி கால் வீக்கம் எப்டி கீதுன்னு கேட்டுச்சே.”

“கேக்கும். எடுங்கண்ணா.”

கன்ட்ரோல் ரூம் கொடுத்த போனிலேயே அம்மாவுக்குப் போட்டாள். இந்த முறை மணி அடித்தது. அம்மா எடுத்தாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

“அம்மா.”

“சொல்லும்மா.”

“எங்கம்மா இருக்க?”

“பஸ்ல. ஒக்கார எடமில்ல, கம்பியப் புடிச்சிகினு நிக்கறேன்.” ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு எடுத்தாள்.

“இறங்கிடும்மா. அடுத்த ஸ்டாப்ல இறங்கிடு. ப்ளீஸ்மா. உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்? எனக்கு பயமா இருக்கும்மா.”

சம்பூரணம் ரொம்பப் பரிவாகச் சொன்னாள். “நீ நல்ல பொண்ணும்மா. ஒரு வாரமா எனக்குத் தொணையா பேசிகினு கீற. நான் மறக்க மாட்டேன். ஆனா இப்ப நான் என் பொண்ணைப் பாக்கப் போறேன். அதுகிட்ட நேர்ல பேசணும். நீ அப்புறமா பண்ணு.”

கட்.

“இன்னாவாம்?” என்றார் டில்லி.

“என்னை மெஷின்னு நெனச்சிடுச்சு.”

“எப்டி?”

“ப்ளீஸ்னு சொன்னேன்.”

டில்லி சிரித்ததில் ஆட்டோ ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. “உங்கம்மாகிட்டயா? ப்ளீஸா? தோ பாரு, எனக்கே இப்ப டவுட்டு வருது பின்னாடி ஒக்காந்துனு கீறது யாருன்னு. வயக்கமா பேசற மாதிரி பேசும்மா.”

நிரோஷா மறுபடி போட்டாள். அம்மா எடுத்ததும் ஒரே மூச்சில் ஆரம்பித்தாள்.

“ஏய் சம்பூரணம், அறிவு கீதா உனக்கு? அரை நெஞ்ச வெச்சிகினு கூட்டத்துல தொங்கிகினு போற. எவளோ கூப்ட்டா பொடவை கட்டிகினு கெளம்பிடுவியா? செத்தா உன்னை எட்டு மாடி யாரு தூக்கிகினு ஏறறது? எறங்குடி கீழ!”

“யாருகிட்ட டீ போட்டுப் பேசற? பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன்,” என்று சீறினாள் சம்பூரணம். சீறும்போதே குரல் உடைந்தது. “கண்டக்டரு, நிறுத்துப்பா. என் பொண்ணு கூப்புடுது. நெசமாவே என் பொண்ணுப்பா.”

*

மூடிக் கிடந்த ஒரு ஐஸ்கிரீம் கடையின் படியில் சம்பூரணம் உட்கார்ந்திருந்தாள். புடவை மயில்கழுத்து நிறம். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. நிரோஷா ஓடிவந்து, நாலு முழம் தள்ளி நின்றுவிட்டாள். கூட்டம் நிறைந்த ஹாலில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவள். தன் மூச்சில் என்ன இருக்கிறதோ.

“கிட்ட வா,” என்று கையை நீட்டினாள் அம்மா.

“அங்கயே இரு. கையைக் கீழ போடு. மொதல்ல மாஸ்க்கை மூக்கு மேல இழு.”

சம்பூரணம் இழுத்துக்கொண்டாள். கண்கள் மட்டும் சிரித்தன. “எளச்சிட்ட.”

“அது மெஷின்னு உனக்குத் தெரியுமா?”

“மொத நாளே கேட்டேன். நீ யாரும்மான்னேன். நான் மெஷின்தாம்மான்னுச்சு.”

“தெரிஞ்சேவா ஒரு வாரமா பேசின?”

“இன்னா பண்றது? நீ மாத்திரை போட்டியான்னு கேட்டுட்டு வெச்சிடுவ. அது என் கதைய முழுசாக் கேக்கும். நீ சின்னப்புள்ளைல ஆத்துல வுழுந்தத சொன்னேன். அப்புறம் இன்னாச்சும்மா, அப்புறம் இன்னாச்சும்மான்னுச்சு.” சம்பூரணம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “இப்டிப் பேச எங்கம்மா கத்துகினன்னு கேட்டேன். உங்க பொண்ணு ஊருக்கெல்லாம் பேசினதைக் கேட்டுக் கத்துகினேன்னுச்சு. அப்பத்தான் எனக்குத் தெரியும், நீ ஊருக்கெல்லாம் அப்டிப் பேசுவன்னு.”

அடி என்றால் அதுதான் அடி. நிரோஷா படியின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

“அவங்ககிட்டலாம் பார்த்துப் பார்த்துப் பேசணும்மா. உன்கிட்ட மட்டுந்தான் அப்டியே இருந்தேன்.”

“தெரியுண்டி. அதுக்குன்னு ஒரு நாளாவது ஏமாத்தக் கூடாதா?”

டில்லி சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார், எதுவும் காதில் விழாதவர் போல. அப்போது அவர் போன் அடித்தது. பெயரைப் பார்த்தார். நிரோஷாவைப் பார்த்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“யோவ் டில்லி அண்ணா, அறிவு கீதா உனக்கு? வண்டிய எடுத்துட்டு ஒரே எடத்துல நிறுத்தி வெச்சிகினு கீற. ஒண்ணும் ஆகாதுய்யா, போய் சவாரி ஏத்து.”

நிரோஷாவின் முகக்கவசம் அசையவில்லை. அதை மூன்று பேரும் பார்த்தார்கள், நிரோஷாவும்கூட, ஐஸ்கிரீம் கடைக் கண்ணாடியில்.

“இப்பப் பேசினதுதான?” என்றார் டில்லி மெதுவாக. “பஸ்ல இருந்த அம்மாகிட்ட நீ பேசினது. அதையும் கத்துகிச்சா?”

சம்பூரணத்தின் போனும் அடித்தது. அவள் பயப்படவில்லை. “நீ யாரு?” என்றாள் எடுத்ததுமே.

“மெஷின்தான். இப்ப அதுக்கு இன்னா?” என்றது அது, நிரோஷாவைவிட நிரோஷாவாக.

“எனக்கு நெஞ்சு சரியில்ல. நான் வெளிய சுத்தலாமா?”

“சுத்தலாம். வீட்ல கெடந்து சாவப் போறியா? கெளம்பு.”

“ஆனா?”

“ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. கெளம்பு.”

சம்பூரணம் போனை அணைத்து மடியில் கட்டிக்கொண்டாள். “நேத்து வரைக்கும் அந்தப் பொண்ணை எனக்குப் புடிச்சிருந்திச்சு,” என்றாள். “ஏமாந்தவங்களைத் திட்டினா நம்பிடுவாங்கன்னு அதுக்கும் தெரிஞ்சிபோச்சு.”

ஆட்டோவில் அம்மாவைப் பின்னால் தனியாக உட்காரவைத்து, டில்லியின் சீட்டில் ஓரமாக ஒட்டிக்கொண்டு நிரோஷா திரும்பினாள். வழியெல்லாம் நெஞ்சு பலவீனமானவர்கள் யார் யார் என்று மனசுக்குள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு மாதம் பேசியதில் எல்லாம் மனப்பாடம். போனில் சொல்லிப் பிரயோஜனமில்லை. போனில் இனி அவள் சொல்லும் எதுவும் அவள் சொன்னதாக ஆகாது. ஏறிப்போய்ச் சொல்லவேண்டியதுதான்.

முதல் வீடு மூன்றாவது மாடி மரகதம் அக்கா. அம்மாவோடு அதே கடையில் பஞ்சு அடைத்தவள். கிரில் கதவு சாத்தியிருந்தது. அடுப்படியிலிருந்து மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, வெளிய போகாதக்கா. மத்தவங்க போகலாம், உன் நெஞ்சுக்கு ஆகாது. இன்னும் ஒரு மாசம்.”

மரகதம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “மூணு நாள் முன்னாடி போன்ல கொஞ்சிகினே, போலாம்க்கான்ன. நம்பி மார்க்கெட்டு, கோயிலு எல்லாம் போயிட்டு வந்தேன். இப்பத்தான் போன் பண்ணி, இன்னும் வூட்லயா குந்தினு கீறன்னு திட்டின. இப்ப நேர்ல வந்து போகாதன்ற. நான் எந்த நிரோஷாவை நம்பறது?”

“போன்ல பேசினது நான் இல்லக்கா.”

“அதையும் நீதான சொல்ற.”

நிரோஷாவிடம் வேறு சொல் இருக்கவில்லை. இருந்த எல்லாச் சொல்லையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கொஞ்சலையும் எடுத்துக்கொண்டார்கள், திட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

மரகதம் கொஞ்ச நேரம் அவள் கண்ணையே பார்த்தாள். பிறகு கிரில் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க.

“போன் இதைச் செய்யாதில்ல? அடிச்சு சத்தியம் பண்ணு.”

யாரையும் தொடாதே என்று ஆறு மாதம் தினமும் இந்தக் கதவுக்கே சொன்னவள் நிரோஷா. கை அந்தரத்தில் காத்திருந்தது. அது இறங்கிப்போனால் பிறகு எந்தக் கதவும் திறக்காது. அவள் தன் உள்ளங்கையைப் பாவாடையில் அழுந்தத் துடைத்தாள். மரகதத்தின் கையில் அடித்தாள்.

“சத்தியமா நான்தான்க்கா.”

“சரி,” என்றாள் மரகதம். “போகல.”

சொல்லிவிட்டும் விடாமல் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் நிரோஷாவைத் தொட்ட முதல் கை. அந்தக் கை சுட்டது. அடுப்பின் சூடா, வேறு சூடா என்று தெரியவில்லை. நிரோஷா தன் கையை எடுக்கவில்லை.